பனியில சறுக்கப் போறீங்களா? முதல்ல டாக்ஸ் கணக்கைப் பாருங்க

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் வந்தார். மனைவி, 4 வயசுப் பையன், அம்மா, அவர்னு நாலு பேர். "சார், வீட்டுல எல்லாருக்கும் பனியில சறுக்கணும்னு ஆசை. சம்பளத்துல எல்.டி.ஏ. 40,000 இருக்கு. அதுல டாக்ஸ் மிச்சம் பண்ணிட்டு, டூருக்கு பர்சனல் லோன் போட்டுடலாமா?"

முதல்ல எல்.டி.ஏ. புது வரி முறையில அதுக்கு விலக்கே கிடையாது. ஹெச்.ஆர்.-ல சொல்லி பழைய முறைக்கு மாறிடலாம்னு அவர் ஐடியா. வருஷச் சம்பளம் 9 லட்சம், சொந்த வீடு. 2025-26 கணக்குல புது முறையில அவருக்கு வரி பூஜ்யம். பழைய முறையில ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, 80சி-யில முழுசா 1.5 லட்சம், எல்.டி.ஏ. 40,000 எல்லாம் கழிச்சாலும் செஸ் சேர்த்து 46,280 ரூபாய் வரி வருது. நாற்பதாயிரத்துக்கு விலக்கு வாங்க நாற்பத்தாறாயிரம் கட்டுவீங்களா?

ஹெச்.ஆர்.ஏ., வீட்டுக்கடன் வட்டின்னு பெரிய கழிவுகள் இருந்து ஏற்கெனவே பழைய முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் எல்.டி.ஏ. பிரயோஜனம். அதுவும் இந்தியாவுக்குள்ள, லீவு போட்டுப் போற பயணத்துக்கு, 4 வருஷ பிளாக்ல 2 தடவை. டிக்கெட் காசு மட்டும். ஃப்ளைட்னா எகானமி, குறுக்கு வழிக் கட்டணம். ஹோட்டல் பில்லை சேர்த்து வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். உங்களை நம்பி இருக்கிற அம்மா டிக்கெட் சேரும்.

சரி, எங்க போறது? வீட்டுல எத்தனை பேர் நிஜமா சறுக்கப் போறாங்கன்னு எண்ணிப் பாருங்க. தம்பி வீட்டுல ரெண்டு பேர். அதனால நான் குல்மார்க்தான் சொன்னேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. கத்துக்கிறவங்களுக்கு ஊருக்குள்ளேயே சரிவு இருக்கு. சறுக்காத அம்மாவும் கொண்டோலாவில் ஏறி கொங்டூரி வரைக்கும் போய் பனி பார்க்கலாம். ரெண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரம். அம்மாவுக்கு பி.பி. இருக்கு, கூட சின்னப் பையன் வேற. அது வேண்டாம்.

உத்தராகண்ட்டில் இருக்கிற அவுலி, முறையா கோர்ஸ் சேர்ந்து கத்துக்கிற பேச்சிலர்களுக்கு அருமை. ஆனா டேராடூன் ஏர்போர்ட்டிலிருந்து 270 கி.மீ.க்கு மேல மலைப்பாதை. ஜோஷிமட்டிலிருந்து போற ரோப்வேயை, 2023 ஜனவரியில நிலம் தாழ்ந்தப்ப நிறுத்தினாங்க. ஓடுதான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. மணாலி பக்கத்துல சோலாங், பனியில விளையாடினா போதும்கிறவங்களுக்கு.

செலவுல பெருசு டிக்கெட்தான். பையனுக்கு 2 வயசு தாண்டியாச்சு, சீட் வாங்கியே ஆகணும். போக வர ஆளுக்கு 20,000னு வச்சாலே 80,000. நாள் இருந்தா சென்ட்ரல்லேருந்து கட்ரா வரைக்கும் ரயில், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் தொடங்கின வந்தே பாரத். ஸ்கீ, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்காதீங்க. திருவள்ளூர் வெயில்ல அந்த ஜாக்கெட்டை எப்ப போடுவீங்க?

தம்பி பொங்கல் லீவுக்குத்தான் பார்த்திருந்தார். 2024 ஜனவரியில குல்மார்க்ல பனியே இல்லாம தரை தெரிஞ்சது. 2025 பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி இல்லாம மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டாங்க. அதனால கொஞ்சம் கூட ஆனாலும் கேன்சல் பண்ணா காசு திரும்பி வர்ற ரூமா எடுங்க. டிக்கெட்லயும் தேதி மாத்த எவ்வளவுன்னு பார்த்துட்டு புக் பண்ணுங்க. லோன் போட்டிருந்தா, பனி பெய்யலைன்னாலும் இ.எம்.ஐ. பெய்யும்.

கடைசியில தம்பி பயணத்தை ஒரு வருஷம் தள்ளி பிப்ரவரிக்கு வச்சிருக்கார். மாசம் 10,000 ஆர்.டி., 12 மாசம். பையன் அப்போ எல்.கே.ஜி.தான், லீவு பிரச்சினை இல்லை.