கண்டல் வேரடி நுண்ணுயிர்கள்

சென்னை ராயபுரத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தின் கரைகளில் அவிசீனியா வகைக் கண்டல் மரங்கள் வளர்கின்றன. அவை வேரூன்றும் சேற்றில் உப்பு மிகுதி, ஆக்சிஜன் குறைவு, தாவரம் உறிஞ்சக்கூடிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. இந்தச் சத்துக் குறையை வேரிலும் வேரடிச் சேற்றிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பெரிதும் ஈடுசெய்கின்றன.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வேலை உண்டு. மூச்சுவேர்களின் மேல் படரும் சயனோபாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகின்றன. வேறு சில, மண்ணில் கரையாத பாஸ்பேட்டைக் கரைத்துத் தருகின்றன. ஆக்சிஜனற்ற சேற்றில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் உதிர்ந்த இலைகளின் சிதைவை முடித்துவைக்கின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வேருக்கு நஞ்சு. வேர் கசியவிடும் ஆக்சிஜனைப் பயன்படுத்தி, கந்தக பாக்டீரியாக்கள் அதை மீண்டும் சல்பேட்டாக்குகின்றன. இவற்றில் பலவற்றுக்கு மரம் தரும் கூலி, வேர்க்கசிவில் வரும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும்.

சில இனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளையும் செய்யும். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள், பிச்சாவரம் கண்டல் சதுப்பில் வளரும் காட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியத்துக்கு 2004இல் ‘சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். உப்பைத் தாங்கி நைட்ரஜனை நிலைப்படுத்துவதோடு பாஸ்பேட்டையும் கரைக்கும் இனம் அது.

நுண்ணுயிர்களின் பன்மையால் இரண்டு நன்மைகள். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாவதால் பல இனங்கள் சேர்ந்து செய்வதைத் தனி இனத்தால் செய்ய முடியாது. ஒரே வேலைக்குப் பல இனங்கள் இருந்தால், உப்போ வெப்பமோ மாறி ஒன்று நலிந்தாலும் மற்றொன்று அந்த வேலையைத் தொடரும். ஆகவே இனங்களின் எண்ணிக்கையோடு அவற்றின் திறன்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் முக்கியம்.

இந்தப் பன்மை எண்ணெய்க் கசிவின்போதும் தேவைப்படுகிறது. எண்ணூரில் 2017 ஜனவரியில் கப்பல் மோதலாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் எண்ணெய் பரவியது. எண்ணெய் என்பது பல்லாயிரம் சேர்மங்களின் கலவை. நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை அல்கனிவோராக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சிதைக்கும். வளைய அமைப்புள்ளவற்றுக்குச் சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்றவை தேவை. ஆனால் எண்ணெய் மூச்சுவேர்களை மூடினால், வேர்வழியே சேற்றுக்குள் இறங்கும் ஆக்சிஜன் குறைந்து, அதை நம்பியிருக்கும் நுண்ணுயிர்களும் நலிகின்றன.

எனவே கண்டல் மீட்புத் திட்டங்களில் நட்ட கன்றுகளை எண்ணுவது மட்டும் போதாது. இந்த நுண்ணுயிர்கள் நிலைக்க, கடல்நீர் தடையின்றி வந்துபோவதையும் சேறு மாசின்றி இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.