சுகர் இருக்கா? உங்க கிட்னி ரிப்போர்ட்டும் ஒரு ஃபைனான்ஸ் டாக்குமென்ட்தான்!

டெர்ம் இன்சூரன்ஸ் பத்தி பேசினாலே ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "சார், எனக்கு சுகர் இருக்கு. பிரீமியம் ஏன் இவ்வளவு அதிகமா கேக்குறாங்க?" அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. அதனால எண்கள் என்ன சொல்லுதுன்னு மட்டும் பார்ப்போம்.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதாவது பெரியவங்கள்ல ஏழு பேருக்கு ஒருத்தர். உங்க வீட்ல இல்லைன்னா, பக்கத்து சீட்ல இருக்கும்.

மூணே மூணு எண்கள்

அமெரிக்காவில் சுமார் 15,000 பேரோட தகவல்களை வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2013ல் வெளியாச்சு. வயசு, பாலினம் மாதிரி வித்தியாசங்களை சரிசெஞ்ச பிறகு, 10 வருஷத்துக்குள்ள இறந்தவங்க எத்தனை சதவீதம்னு பாருங்க:

- சுகரும் இல்லை, கிட்னி பாதிப்பும் இல்லை: 7.7
- டைப் 2 சுகர் மட்டும்: 11.5
- சுகரோட கிட்னி பாதிப்பும்: 31.1

சுகர் மட்டும் இருந்தா 7.7 என்பது 11.5 ஆகுது. ஆனா கிட்னி பாதிப்பும் சேரும்போது நேரா 31.1க்குத் தாவுது. பெரிய ரிஸ்க் இருக்கிறது அங்கதான்.

இது வயசானவங்களும் சேர்ந்த சராசரி. உங்க ஆயுளுக்கான ஜோசியம்னு எடுத்துக்காதீங்க.

இன்னொரு விஷயம். இந்த ஆய்வில் 'கிட்னி பாதிப்பு'னா டயாலிசிஸ் நிலைமை கிடையாது. யூரின்ல ஆல்புமின் என்கிற புரதம் அளவுக்கு மேல கசிஞ்சாலே அந்தக் கணக்கில் வந்துடும். கிட்னியோட சின்ன ரத்தக் குழாய்கள் கெடுதுன்னா, இதயத்தோட ரத்தக் குழாய்களும் கெட்டுட்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதனாலதான் டயாலிசிஸ் வரைக்கும் போறதுக்கு முன்னாடியே பலர் மாரடைப்பில் இறந்துடுறாங்க.

ஏன் முன்னாடியே தெரியறதில்லை?

வலிக்காது, அதான் காரணம். கிரியாட்டினின் கூட, கிட்னி பாதி வேலையை இழக்கிற வரைக்கும் நார்மல்னு காட்டலாம். முதல்ல காட்டிக் கொடுக்கிறது யூரின் ஏசிஆர் டெஸ்ட். இது 30க்குக் கீழ இருந்தா நார்மல். காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தற்காலிகமா ஏறலாம். அதனால ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படாம, டாக்டர் சொல்றபடி மறுபடியும் எடுத்துப் பார்க்கணும்.

டைப் 2 சுகர்னா கண்டுபிடிச்ச அன்னைக்கே, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. ஏசிஆர் கூட ரத்தத்தில் இஜிஎஃப்ஆர். ஆபீஸ்ல தர்ற மாஸ்டர் செக்கப்ல ஏசிஆர் இருக்கான்னு செக் பண்ணுங்க, பல பேக்கேஜ்ல இருக்காது.

இப்போ பணக் கணக்கு

டயாலிசிஸ்னா பொதுவா வாரத்துக்கு 3 தடவை, வருஷத்துக்கு 156 தடவை. ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்னு வச்சுக்கிட்டாலே வருஷம் 3,12,000 ரூபாய். மாசம் 26,000. மருந்து, ஆட்டோ செலவு, லீவு போட்டு இழக்கிற சம்பளம் எல்லாம் தனி. 50,000 சம்பளம் வாங்குறவர் வீட்ல இஎம்ஐயும் இருந்தா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க. இன்னொரு பக்கம் ஏசிஆர் டெஸ்ட் சில நூறு ரூபாய்தான். சீக்கிரம் தெரிஞ்சா, சுகர், பிரஷர் கட்டுப்பாட்டாலும் இப்போ இருக்கிற மருந்துகளாலும் பாதிப்போட வேகத்தைக் குறைக்க முடியும்.

செய்ய வேண்டிய 4 வேலைகள்

1. டெர்ம் இன்சூரன்ஸைத் தள்ளிப் போடாதீங்க. சுகர் மட்டும் இருந்தா, கூடுதல் பிரீமியத்துல பாலிசி கிடைக்க வாய்ப்பு இருக்கு. கிட்னி பாதிப்பும் சேர்ந்தா மறுக்கவும் செய்வாங்க. காரணம் மேல இருக்கிற மூணு எண்கள்தான்.

2. சுகரை மறைக்காதீங்க. இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுப்படி, 3 வருஷம் கழிச்சு லைஃப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. "அப்போ மூணு வருஷம் ஓட்டிடலாமே"ன்னு சிலர் நினைக்கிறாங்க. அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டு அலையப் போறது உங்க மனைவியும் குழந்தைகளும்தான்.

3. கம்பெனி மெடிக்கல் பாலிசியை மட்டும் நம்பாதீங்க. வேலை போனா அதுவும் போயிடும். சொந்தமா எடுக்கிற பாலிசியில் ஏற்கனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருக்கணும்னு 2024ல் ஐஆர்டிஏஐ விதி கொண்டு வந்தாங்க. அந்த 36 மாசம் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குதோ அவ்வளவு நல்லது.

4. டெஸ்ட் செலவுக்கு வரிச் சலுகை. பழைய வரி முறையில் இருந்தா, ஹெல்த் இன்சூரன்ஸ் கழிவு வரம்புக்குள்ளயே 5,000 ரூபாய் வரைக்கும் ஹெல்த் செக்கப் செலவைக் காட்டலாம். அப்பா அம்மாவுக்கு நீங்க எடுத்த செக்கப்பும் இதுல சேரும். இந்த செக்கப்புக்கு மட்டும் கேஷ்ல கட்டினாலும் பரவாயில்லை. பில்லைப் பத்திரமா வைங்க. புதிய வரி முறையில் இந்தச் சலுகை இல்லை. அதுக்காக டெஸ்ட்டை விட்டுடாதீங்க!

இந்த வார இறுதியில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. உங்களோட, அப்பா அம்மாவோட கடைசி லேப் ரிப்போர்ட்டை எடுத்து, ஏசிஆர்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. சுகர் இருந்தும் அந்த வரி இல்லைன்னா, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டு எழுதி வாங்கிடுங்க. எஸ்ஐபி எவ்வளவு போடலாம்னு அப்புறம் பேசிக்கலாம்.