நுவரெலியாவில் ஒரு முன்பனி வாரம்

இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக அமைந்த தீவு. வடக்கே பருத்தித்துறை முதல் தெற்கே தெய்வேந்திரமுனை வரை, அதன் நிலம் ஏறத்தாழ ஆறாம் பாகை அகலக்கோட்டிற்கும் பத்தாம் பாகை அகலக்கோட்டிற்கும் இடையே அடங்கிவிடுகின்றது. இத்தகைய நாட்டிலே குளிர்காலம் என ஒன்று உண்டோ என வினவுவோர், மார்கழியின் பிற்கூற்றிலோ தையின் முற்கூற்றிலோ நுவரெலியா நகரில் ஒரு வாரம் தங்குதல் வேண்டும். அவ்வாரத்தின் ஏதேனும் ஒரு விடியற்காலையில், குதிரைப் பந்தயத் திடலின் புல்வெளி உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடப்பதை அவர்கள் காணக்கூடும்.

பழந்தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். இரவின் முற்பகுதியிற் பனி மிகுதலால் முன்பனி என்றும், பிற்பகுதியில் மிகுதலாற் பின்பனி என்றும் பெயர் வந்தன என்பர். பனி என்னும் ஒரு சொல்லையே தமிழ் பலவற்றுக்கும் வழங்குகின்றது. புல்நுனியில் நீராய்த் திரள்வது பனித்துளி. மலைச்சாரலை மூடிக் கண்ணை மறைப்பது மூடுபனி. நிலத்திலும் இலையிலும் பளிங்குத் துகளாய்ப் படிவது உறைபனி. வானிலிருந்து பஞ்சுபோல வீழும் வெண்பனி நுவரெலியாவுக்கு உரியதன்று. ஆயின், மற்றை மூன்றும் அந்நகரில் ஒரே வாரத்துள் வந்து போதல் கூடும். இம்மூன்றனுள் எது நன்மை செய்வது, எது தீமை செய்வது என்பதே மலைநாட்டார் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர், அஃதாவது ஆறாயிரம் அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் உள்ளது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடுந்தோறும் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறு அல்லது ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். இக்கணக்கின்படி, கொழும்பிலே 27 பாகைக்கு மேல் நிற்கும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை நுவரெலியாவில் 16 பாகை அளவிற்கு இறங்கிவிடுகின்றது. ஆயினும் உயரம் ஆண்டு முழுவதும் ஒன்றே. ஆடி மாதத்தில் உறையாத நிலம் தையில் உறைவதற்குக் காரணம் உயரம் மட்டுமன்று; வானத்தின் நிலையும் நகரின் அமைப்பும் அதனோடு சேர்தல் வேண்டும்.

வாரத்தின் முதல் இரண்டு நாட்களை நோக்குவோம். திசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆசியப் பெருநிலத்திலிருந்து புறப்படும் அக்காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கையில் நீராவியை ஏந்தி வருகின்றது. மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து முகிலாகி மழையாகின்றது. அம்முகிலின் எஞ்சிய பகுதி முகடுகளைத் தாண்டி நுவரெலியாவையும் மூடுகின்றது. நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை நகருக்கு வடக்கே அண்மையில் நின்றும் கண்ணுக்குத் தெரியாது. நாள் முழுவதும் தூறல், தெருவெல்லாம் மூடுபனி, நண்பகலிலும் வண்டிகள் விளக்கேற்றிச் செல்லும். உல்லாசப் பயணிகள் இதனைக் கெட்ட காலநிலை என்று நொந்துகொள்வர். எனினும் இந்நாட்களிற் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு சிறிதே. முகில் ஒரு கம்பளியைப் போன்றது. நிலம் இரவில் வெளிவிடும் வெப்பத்தின் பெரும்பகுதியை அது ஏற்று, மீண்டும் நிலத்துக்கே அனுப்பிவிடுகின்றது. உடல் நடுங்கினாலும் பயிர் நடுங்குவதில்லை.

மூன்றாம் நாள் காட்சி மாறுகின்றது. வடக்கிலுள்ள உயர் அமுக்கத்தின் விளிம்பு தெற்கு நோக்கி நீளும்போது, மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று தீவின்மேற் பரவும். முகில் கலைந்து வானம் நீலமாகும். மார்கழி ஞாயிறும் இங்கே வலியதே. மிகச் சாய்ந்து செல்லும் திசெம்பர் 21, 22 ஆகிய நாட்களிலும் நண்பகலில் அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கின்றது. ஆதலின் பகல் 20 பாகை அளவிற்கு இதமாக வெதும்பும். பூங்காவிலும் வாவிக்கரையிலும் மக்கள் கூடுவர். அழகிய நாள் என்று அனைவரும் மகிழ்வர். ஆனால் மரக்கறித் தோட்டக்காரர் மட்டும் வானத்தை நோக்கிக் கவலைகொள்வர்.

அவர் கவலைக்குக் காரணம் மாலையில் விளங்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் வானில் முகில் இல்லை. ஞாயிறு மறையும்போது காற்றும் ஓய்ந்துவிடுகின்றது. அடுப்புகளிலிருந்து எழும் புகை மேலே செல்லாது, ஓரளவு உயரத்திற் பரந்து, பள்ளத்தின்மேல் ஒரு மெல்லிய விதானம்போலப் படிகின்றது. தொலைவிலுள்ள ஓசைகள் அண்மையிற் கேட்பனபோலத் தெளிவாகக் கேட்கின்றன. கீழே குளிர்ந்த காற்றும் மேலே அதனினும் வெப்பமான காற்றும் நிற்கின்றன என்பதற்கு இவையெல்லாம் அடையாளங்கள். இயல்பாக உயரச் செல்லச் செல்லக் குளிரவேண்டிய வளி, இவ்விரவில் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கின்றது.

இரவு பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக நீள்கின்றது. அவ்வளவு நேரமும் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்களாக வானுக்கு வீசுகின்றது. தடுக்க முகில் இல்லை. உயர்நிலத்து வறண்ட காற்றில் நீராவியும் குறைவு. முதலிற் குளிர்வது நிலமும் புல்லும் இலையுமே; அவற்றைத் தொடும் காற்று பின்னரே குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் நீர்போல மெல்ல வழிந்து பள்ளங்களில் தேங்கும். நுவரெலியாவோ நாற்புறமும் மலை சூழ்ந்த வட்டில் போன்ற நகர். சுற்றியுள்ள சரிவுகளிற் குளிர்ந்த காற்றெல்லாம் இரவு முழுவதும் இவ்வட்டிலில் வந்து நிரம்புகின்றது.

காற்றிலுள்ள நீராவி திரளத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்பர். அந்நிலை பூச்சியத்துக்கு மேலாயின் இலையிற் பனித்துளி தோன்றும்; பின்னும் குளிர்ந்தால் அத்துளி உறையும். பூச்சியத்துக்குக் கீழாயின் நீராவி நீராகாமலே நேராகப் பளிங்காய்ப் படியும். அதுவே வெண்மையான உறைபனி. காற்று மிக வறண்டிருப்பின் வெண்மை எதுவும் தோன்றாமலே இலையினுள்ளிருக்கும் நீர் உறைதலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதாதலின் மிகக் கொடியது.

வானிலை நிலையத்து வெப்பமானி அவ்விடியலில் மூன்று அல்லது நான்கு பாகை காட்டுவதையும், அதே வேளையில் புல்நுனியில் நீர் உறைந்திருப்பதையும் கண்டு சிலர் ஐயுறுவர். இதில் முரண் இல்லை. வெப்பமானி நிலத்துக்கு நான்கு அடி அளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறக் கூண்டினுள் வைக்கப்படுவது. அது அளப்பது காற்றின் வெப்பநிலை. வானுக்கு நேரே திறந்து கிடக்கும் புல் அதனினும் பல பாகை குளிர்ந்துவிடுகின்றது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்னும் பழமொழி தரையை முதலிற் கூறியது பொருத்தமே.

உறைபனி எங்கும் ஒருபடித்தாய் வீழ்வதன்று. பந்தயத் திடல், கோல்ப் மைதானம் முதலிய தாழ்ந்த வெளிகள் வெளுத்திருக்க, சில நூறு அடி மேலேயுள்ள சரிவு பசுமையாகவே இருக்கும். தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிரகரி வாவியின் நீர், பகலிற் பெற்ற வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுதலால் அதன் கரையோரம் ஓரளவு தப்பும். மரநிழலின் கீழும் உறைபனி அரிது. கிளைகள் முகிலின் வேலையைச் செய்கின்றன. நகருக்கு அப்பால் இன்னும் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியின் திறந்த புல்நிலம் இக்காலத்தில் அடிக்கடி வெளுக்கின்றது.

ஆறு மணிக்குச் சற்றுப் பின் ஞாயிறு எழுகின்றது. பளிங்குத் துகள்கள் ஒளிர்கின்றன. அரைமணி நேரத்துக்குள் உருகி மறைகின்றன. பயணி அக்காட்சியைப் படம் பிடித்துக்கொண்டு செல்கின்றான். தேயிலையின் துன்பம் அப்போதுதான் வெளிப்படுகின்றது. உறைந்தபோது கலங்கள் சிதைந்த இளந்தளிர்கள், வெயில் ஏறியதும் வாடி, செம்பழுப்பாகிக் கருகுகின்றன. நெருப்பு வைத்தாற்போல் தேயிலை வெந்துவிட்டது என்று தோட்டத்தார் கூறுவது வெறும் உவமையன்று. நெருப்பும் உறைவும் இலைக்குச் செய்வது ஒன்றே. முதிர்ந்த இலை தாங்கினாலும், பறித்தற்குரிய ஈரிலையும் மொட்டும் அழிந்துவிடுகின்றன. அச்செடி மீண்டும் தளிர்க்க வாரங்கள் செல்லும். புதிதாய்க் கவ்வாத்துச் செய்த செடியும் இளங்கன்றும் மிகுதியாகத் துன்புறும்.

இங்கே வியக்கத்தக்கது ஒன்றுண்டு. மத்திய மலைகளின் மேற்குப் பகுதித் தேயிலையும் நுவரெலியாத் தேயிலையும் மணத்திற் சிறந்து விளங்குவது சனவரி முதல் மார்ச்சு வரையான காலத்திலேயே. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் தளிரின் வளர்ச்சியை மெல்லச் செய்ய, மணம் அதனுட் செறிகின்றது. அக்கொழுந்துக்கு ஏலத்தில் நல்ல விலை. ஆகவே எந்த வானம் தேயிலைக்கு மணம் தருகின்றதோ அதே வானமே அதனைக் கருக்கவும் வல்லது. இரண்டுக்கும் இடையே உள்ளது மூன்று நான்கு பாகை வேறுபாடு.

அவ்வேறுபாடு தோட்டத் தொழிலாளியின் அடுப்படி வரை செல்கின்றது. குறித்த நிறை கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது மலைநாட்டில் நெடுங்காலமாக வழங்கும் முறை. கருகிய மலையில் நிறை சேர்வதெங்ஙனம்? விறைத்த விரலோடு பெரட்டுக்களத்துக்கு வந்து, பனிநீர் சொட்டும் செடிகளுக்கிடையே படங்கைக் கட்டிக்கொண்டு இறங்கும் பெண், மாலையிற் கூடையை நிறுக்கும்போதுதான் அவ்விடியலின் விலையை அறிகின்றாள்.

உருளைக்கிழங்கு, போஞ்சி முதலியன உறைபனிக்கு எளிதில் ஆட்படுவன; கோவா, லீக்ஸ், கரட் ஓரளவு தாங்குவன. காக்கும் வழிகள் சில. உறைபனி வரும் எனக் கண்ட நாளில் நண்பகலுக்குள் நிலத்தை நனைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தை மிகுதியாக ஏற்று இரவில் வெளிவிடும். நாற்றுமேடையை மானாப்புல்லாலோ சாக்காலோ மூடி, காலையில் நீக்கிவிடலாம். வெயில் ஏறுமுன் இலைமேல் நீர் தெளித்து உறைவைக் கழுவுதலும் வழக்கம். பள்ளத்தின் கீழெல்லையில் அடர்ந்த வேலி இருப்பின் அதில் இடைவெளி விடுதல் நன்று; அன்றேல் வேலி அணைபோல நின்று குளிர்காற்றைத் தேக்கிவிடும்.

வீடுகளுக்கும் இதே இயற்கைவிதி பொருந்தும். லயங்களின் தகரக் கூரை தெளிந்த இரவில் விரைந்து குளிர்கின்றது. உள்ளே உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி அதன் அடிப்புறத்திற் படிந்து, விடியலிற் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுகின்றது. மழையில்லாத இரவிலும் கூரை ஒழுகுவது இதனாலேயே. கூரைக்குக் கீழே பலகையோ வேறு தட்டோ அடித்தால் குளிரும் சொட்டலும் குறையும். ஆனால் ஒன்றை எவரும் செய்யலாகாது. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரிச்சட்டியை உள்ளே வைத்து உறங்குதல் உயிருக்கே இறுதி. எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு தோன்றுகின்றது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குவோர் விழிக்கமாட்டார். உறங்குமுன் தணலை வெளியே வைத்துவிடுதல் வேண்டும். இது மலைநாட்டு மக்களுக்கும், குளிரறியாத கரையோரத்திலிருந்து விடுமுறைக்கு வந்து தங்குவோருக்கும் ஒப்பவே உரியது.

இவ்வாறு இரண்டு மூன்று விடியல்கள் கழியும். பின்னர் விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் தோன்ற, வாரத்தின் இறுதி நாளில் கிழக்கிலிருந்து மீண்டும் முகில் வருகின்றது. பீதுருதாலகாலை மறைகின்றது, தூறல் தொடங்குகின்றது. விருந்தினர் முகம் சுளித்துப் பெட்டிகளைக் கட்டுகின்றனர். உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் நிற்பவரோ சாக்குகளைச் சுருட்டிக் கொட்டிலில் வைத்துவிட்டு, அன்றிரவு அச்சமின்றி உறங்கச் செல்கின்றார்.