தாயுமானவர் ஊரில் இறங்கும் பேரக் குழந்தைகள்

திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குச் செவ்வந்திநாதர் என்பது பழைய திருநாமம். பூம்புகாரிலிருந்து மகள் இரத்தினாவதியின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. இக்கரையில் மகளுக்கோ வலி கண்டுவிட்டது. அப்போது இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்து, தாயையும் சேயையும் பேணினான் என்கிறது தல புராணம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்ததும் அவன் மறைந்தருளினான். அன்று முதல் அவன் தாயுமானவன். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் பெண்கள் அச்சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கின்றனர்.

அதே ஊரின் விமான நிலையத்தில் இன்று சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்கள் வந்து இறங்குகின்றன. அவற்றில் பல கைக்குழந்தைகள் வருகின்றன. பிறந்தது வெளிநாட்டில், முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டது சமயபுரத்தாளிடம். 'ஆண்டு நிறைவுக்குள் குழந்தையைக் கொண்டுவந்து விடுங்கள்' என்று தாத்தாவும் பாட்டியும் தொலைபேசியில் சொல்வது வழக்கம். அவர்களுடைய ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தப் பயணம் குழந்தையின் உடலுக்கு எத்தகையது என்பதைப் பெரியவர்களும் அறிந்திருப்பது நலம்.

காதுவலி ஏன் வருகிறது?

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துக்கொள்வதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். கொடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலவே வைக்கப்படுகிறது. மலைமேல் சில மணி நேரத்தில் ஏறும் உயரத்தை விமானத்தில் அரை மணிக்குள் கடந்துவிடுகிறோம்.

நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் நுண்குழாய் ஒன்று உண்டு. எச்சில் விழுங்கும்போது அது திறந்து, செவியின் உள்ளும் வெளியும் அழுத்தத்தைச் சமப்படுத்தும். பெரியவர்கள் கொட்டாவி விட்டோ, மிட்டாய் சுவைத்தோ சமாளித்துக்கொள்வார்கள். பச்சிளங்குழந்தைக்கு அந்த உபாயம் தெரியாது. அதன் குழாயும் மிகக் குறுகியது. ஆகவே அது வீறிட்டு அழுகிறது. விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதே இவ்வலி அதிகம்.

இதற்கு மருந்து தாய்ப்பால்தான். விமானம் மேலெழும் வேளையிலும், தரையிறங்கத் தொடங்கும் வேளையிலும் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மடக்கிலும் காது திறக்கும். புட்டிப்பாலும் இதே பயனைத் தரும். சற்று வளர்ந்த குழந்தைக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். விமானத்தினுள் காற்று மிகவும் வறண்டது. ஆகையால் வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுப்பதே நல்லது. குழந்தைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால், புறப்படும் முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயணத்தில் தூங்கட்டும் என்று யாரோ சொன்ன சொட்டு மருந்தைக் கொடுப்பது ஆபத்து.

பையில் எவை, வெளியே எவை?

இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியிலேயே பயணம் செய்யலாம். அதற்கெனத் தனியாக ஒரு சிறு இடைவார் தருவார்கள். தாயின் இடைவாரையே இருவருக்கும் சேர்த்துக் கட்டுவது கூடாது. விமானம் குலுங்கினால் தாயின் பாரம் முழுவதும் குழந்தைமேல் அழுந்தும். வெளிநாட்டுப் பயணமெனில் கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு அவசியம். பிறந்து சில நாட்களே ஆன சிசுவையும், குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும் மருத்துவர் இசைவின்றி அழைத்து வரலாகாது.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் எடுத்துச் செல்லக் கூடாது என்னும் விதி, பயணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கும் கஞ்சிக்கும் பொருந்தாது. சோதனையின்போது எடுத்துக் காட்டினால் போதும். திரும்பிச் செல்கையில் பூஜைக்காகப் பாட்டி அன்போடு கட்டிக் கொடுக்கும் கற்பூரத்துக்கு விமானத்தில் இடமில்லை. அது எளிதில் தீப்பற்றும் பொருள். தீப்பெட்டியும் கொப்பரையும் அவ்வாறே.

வந்திறங்கிய பிறகு

பிள்ளைகள் வந்திறங்கிய மறுநாளே கோயிலுக்குப் புறப்படும் அவசரம் வேண்டாம். சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரமே வேறுபாடு. அமெரிக்காவிலிருந்து வரும் குழந்தைக்கோ நம் நள்ளிரவு நண்பகலாயிருக்கும். பாயில் எழுந்து உட்கார்ந்து விளையாடும். அந்த வேளையில் பெற்றோரை உறங்கச் சொல்லிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளும் பாட்டியும் தாயுமானவர் செய்த தொண்டையே செய்கிறாள். சில நாட்கள் கழித்து, உடல் தேறிய பின், வெயில் ஏறாத காலை வேளையில் பசியாற்றி அழைத்துச் செல்லலாம். தாய்மாமன் மடியில் அமர்த்தி முடி இறக்குகையில், கண்ணெதிரே பிரித்த புதிய பிளேடுதானா என்று கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டியதில்லை.

குழந்தைக்கு உடல்நலம் சரியில்லை, இவ்வாண்டு வர இயலவில்லை என்றால் என்ன செய்வது? வழி ஏற்கெனவே நம் முன்னோர் வகுத்ததுதான். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து பூஜையறையில் வைத்து, 'தாயே, பிறகு வந்து செலுத்துகிறோம்' என்று வேண்டிக்கொள்வார்கள். முதலாண்டு தவறினால் மூன்றாம் ஆண்டில் முடி இறக்குவதும் பல குடும்பங்களில் வழக்கமே.

சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், பக்தர்களின் நலனுக்காக அம்பாளே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்நாட்களில் அவளுக்குத் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம் போன்றவையே படைக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி கிடக்கும் அன்னை, ஒரு குழந்தை வாடி வதங்கித் தன் சந்நிதிக்கு வர வேண்டும் என்று கேட்பாளா? வேண்டுதலைச் செலுத்த அவள் எத்தனை காலமும் பொறுத்திருப்பாள். குழந்தையின் பசியும் வலியும்தான் பொறுத்திருக்க மாட்டா.