சூடேறினால் விலகாத கிளட்ச்

கிருஷ்ணகிரியினின்று ஒசூர் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. சூளகிரி வழியாகச் செல்லும் அது, ஒசூர் மேட்டுநிலத்தை அடைவதற்குள் 300 மீட்டருக்கும் மேல் உயர்கின்றது. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை ஒசூரில் இயங்கத் தொடங்கியது. வேறு பல ஆலைகளும் அங்கே பெருகின. இன்று மாலை வேளைகளில் கர்நாடக எல்லையைக் கடந்து அத்திப்பள்ளி வரையில் வண்டிகள் நின்று நின்று ஊர்கின்றன. ஓட்டுநரின் இடக்காலுக்கு ஓய்வே இல்லை.

காலையில் குறையின்றி ஓடிய கார், இத்தகைய நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்தபின், கிளட்ச் மிதியை அடிவரை அழுத்தியும் கியர் மாறாமல் முரண்டு பிடிப்பதுண்டு. மிதி தளர்ந்து தரையைத் தொடும். வண்டியோ முன்னிற்கும் வண்டியை நோக்கி நகரும். சிறிது நேரம் ஆறவிட்டால் எல்லாம் பழையபடி சீராகும். பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, அங்கே பழுதே தென்படாது!

எஞ்சினுடன் சுழலும் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே கிளட்ச் தட்டு இறுக்கிப் பிடிக்கப்பட்டுள்ளது. மிதியை அழுத்துங்கால் அப்பிடி தளர்கின்றது. அப்போது உண்டாகும் இடைவெளி பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆதலின் மிதியின் அசைவில் சிறு பகுதி வீணானாலும் தட்டு முழுதும் விலகாது.

பல கார்களில் காலின் விசையைத் தட்டுக்குக் கொண்டுசெல்வது பிரேக் ஆயில் ஆகும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதியதாயின் 205 டிகிரி செல்சியஸ் வரையிலும் கொதியாது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அரைக் கிளட்சில் ஏற்றம் ஏறும்போது பிறக்கும் வெப்பம் கியர்ப் பெட்டியருகே உள்ள சிலிண்டரைத் தாக்க, எண்ணெயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் விசை குமிழியை நசுக்குவதிலேயே கழிந்துவிடும்.

பழுதைச் சூடாயிருக்கும்போதே தேடவேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, எஞ்சினை அணைத்தபின், மிதியை நாலைந்து முறை விரைந்து அழுத்துக. மிதி இறுகுமாயின் குறை எண்ணெய் வழியிலேயே உள்ளது: குமிழியோ, கசிவோ, தேய்ந்த ரப்பர் வளையமோ ஆகலாம். சிலிண்டர் வெளியே அமைந்த வண்டிகளில் மேலும் உறுதியான சோதனை ஒன்றுண்டு. ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சிலிண்டரின் தண்டு நகரும் தொலைவை அளந்து, குளிர்ந்த நிலையின் அளவோடு ஒப்பிட வேண்டும். அளவு குறையாதிருந்தும் கியர் விழவில்லையெனின் குறை உள்ளே இருக்கின்றது; தட்டு வெப்பத்தால் நெளிந்திருக்கலாம், அல்லது தண்டின் வரிப்பள்ளங்களில் சிக்கியிருக்கலாம். இச்சோதனையைச் செய்யாமலே பெரும்பொருள் செலவிட்டுக் கிளட்சை மாற்றுவோர் பலர். சில நாளில் பழைய தொல்லை அப்படியே திரும்பும்.

எண்ணெய் கெட்டிருந்தால் அதை முழுதும் மாற்றிக் காற்றை வெளியேற்றினால் போதும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். அவ்வெண்ணெய் கண்ணிற் படலாகாது. வண்டியின் வண்ணப் பூச்சையும் அரிக்கும்.

இவ்வேலையைத் தள்ளிப்போடுதல் ஆபத்து. ஏனெனில் பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே கலத்திலிருந்தே செல்கின்றது. ஒசூருக்கு ஏறும்போது கிளட்சைக் கைவிட்ட அதே பழைய எண்ணெய்தான், கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது பிரேக்குகளிலும் நிற்கின்றது.