போர்ட்டருக்கும் ஸ்டவுட்டுக்கும் நடுவே

வீட்டில் பியர் காய்ச்சும் ஒருவர், கறுப்பு பியர் ஒன்றைப் போட்டிக்கு அனுப்பப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆல்கஹால் 6 சதவீதம், கசப்பு 40 அலகு, நிறம் 35 அலகு, நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி 1.060. பல நாடுகளின் போட்டிகளுக்கு அடிப்படையாக இருப்பது பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க நடுவர் அமைப்பின் கையேடு. அதைப் புரட்டினால், அமெரிக்கன் போர்ட்டர் என்ற பிரிவுக்குள் இந்த நான்கு எண்களும் அடங்குகின்றன. அதற்கு அடுத்ததாக வரும் அமெரிக்கன் ஸ்டவுட் பிரிவுக்குள்ளும் நான்கும் அடங்குகின்றன. எந்தப் பெயரில் அனுப்புவது என்பதற்கு எண்களிடம் பதில் இல்லை. கரும் பியர் வகைகளைப் பற்றிப் பேசும்போது இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. இந்த எல்லைக்கோடுகள் பார்லியிலோ ஈஸ்ட்டிலோ கிடப்பவை அல்ல. போட்டி நடத்துவதற்காக மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடு அவசியமானது என்பதே என் கட்சி. ஆனால் அதை ஏற்பாடு என்று உணர்ந்த நடுவரால்தான் நியாயமாக மதிப்பெண் போட முடியும்.

சரித்திரத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. வறுத்த பார்லி சேர்த்தால் ஸ்டவுட், சேர்க்காவிட்டால் போர்ட்டர் என்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சான்றுகள் ஒத்துவரவில்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் பழுப்பு மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், காய்ச்சப்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கைக்கு வந்ததும், அதே பணத்துக்கு வெளிர் மால்ட்டில் சர்க்கரை அதிகம் இறங்குகிறது என்று ஆலைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். வெளிர் மால்ட்டுக்கு மாறினால் நிறம் போய்விடும். நிறத்துக்கு வேறு எதையும் கலக்கக் கூடாது என்று 1816இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே டேனியல் வீலர் இரும்பு உருளைக்குள் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கறுப்பு மால்ட் போர்ட்டருக்கும் போனது, ஸ்டவுட்டுக்கும் போனது. அடர்த்தி கூடிய போர்ட்டரையே அக்கால ஆலைகள் ஸ்டவுட் போர்ட்டர் என்று விற்றன. வறுத்த பார்லி போன்ற முளைகட்டாத தானியத்தைப் பியரில் போட பிரிட்டிஷ் வரிச்சட்டம் 1880 வரை இடம் தரவில்லை. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடித்த ஸ்டவுட்டில் வறுத்த பார்லி இருந்திருக்க சட்டப்படி வழியே இல்லை. இன்றைய கையேடு ஸ்டவுட்டில் கூடுதலான வறுவல் சுவையை எதிர்பார்ப்பது சரியே. அது இன்றைய உடன்பாடு. பழைய லண்டனின் சாட்சியம் அல்ல.

அப்படியானால் வகைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எது ருசி என்று மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாக்கு நடுநிலையானது அல்ல. 10 சதவீத ஆல்கஹாலும் 70 அலகு கசப்பும் கொண்ட இம்பீரியல் ஸ்டவுட்டைக் குடித்த வாயில் 4 சதவீத ஐரிஷ் ஸ்டவுட்டை ஊற்றினால் அது தண்ணீராகத் தெரியும். வகை பிரிக்காத போட்டியில் வலுவானதும் இனிப்பானதும்தான் திரும்பத் திரும்ப ஜெயிக்கும். மெல்லிய உடலும் உலர்ந்த முடிவும் கொண்ட பியரைப் பழுதில்லாமல் காய்ச்சுவது மிகக் கடினம். அதில் குறையை மறைக்க எதுவும் கிடையாது. அந்த உழைப்புக்கு மரியாதை கிடைப்பது வகை இருப்பதால்தான். வகைகள் தேவை என்றாலும், நிறத்தின் மீது மட்டும் அளவுக்கு மீறிய கவனம் தேவையில்லை. 430 நானோமீட்டர் ஒளியை ஒரு சென்டிமீட்டர் பியர் எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்துதான் நிற எண் கணக்கிடப்படுகிறது. கருவிக்கு 35க்கும் 60க்கும் வேறுபாடு தெரியும், கோப்பையைப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் கறுப்புதான். பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாளின் 50 மதிப்பெண்ணில் நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்ந்து தோற்றத்துக்கு 3 மட்டுமே. மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தாளை வகுத்தவர்கள் இதில் சரியாகவே எடை போட்டிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி உருவாகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்க டிராபிகல் ஸ்டவுட்டைப் போல வேறு உதாரணம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் கப்பலேற்றிய வலுவான ஸ்டவுட்டுகள் வெப்ப நாடுகளில் வேரூன்றின. பிறகு ஜமைக்கா, டிரினிடாட், சிங்கப்பூர், இலங்கை ஆலைகள் அவற்றைத் தங்கள் ஊர் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. நீண்ட கடற்பயணம் இல்லாததால் கடும் கசப்பு தேவைப்படவில்லை. சர்க்கரை சேர்ந்தது, இனிப்பு தங்கியது. வினோதம் ஈஸ்ட்டில் இருக்கிறது. ஸ்டவுட் பொதுவாக, இளஞ்சூட்டில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்டில் நொதிப்பது. இந்த ஆலைகளோ கையில் இருந்த லாகர் ஈஸ்ட்டைப் பயன்படுத்தின. சுமார் 10 டிகிரி குளிரில் அமைதியாக வேலை செய்யும் அந்த ஈஸ்ட்டைச் சூட்டில் விட்டால் எஸ்டர்கள் என்ற பழ மணப் பொருள்களை அள்ளி விடும்; உலர்திராட்சை, ரம், பழுத்த வாழை மணங்கள் எழும். இதே லாகர் ஈஸ்ட்டில் காய்ச்சும் ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியரில் அந்தப் பழ மணம் ஏறினால் நடுவர் மணத்திலும் சுவையிலும் மதிப்பெண்ணை வெட்டுவார். டிராபிகல் ஸ்டவுட்டில் அது இல்லாவிட்டால்தான் வெட்ட வேண்டும். குறை என்பது வகையைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வகைக்குத் தனி இடம் கிடைத்தது கையேட்டின் 2015 பதிப்பில்தான். 2008 பதிப்பில் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்ற ஒரே தலைப்பின் கீழ், பழ இனிப்பான வெப்பநாட்டு வடிவமும் உலர்ந்த ஏற்றுமதி வடிவமும் சேர்ந்தே கிடந்தன. ஒரே மேசையில் அடுத்தடுத்து வரும் இரண்டு கோப்பைகளில் ஒன்று இனிக்கும், மற்றது வறண்டு கசக்கும். இரண்டும் வரையறைப்படி சரி. நடுவர் எதை மேலே வைப்பார்? பழகிய நாக்கு எதுவோ அதையே வைப்பார். இலங்கையும் ஜமைக்காவும் பல தலைமுறைகளாகக் குடித்துவந்த ஒரு பியர், வேறொன்றின் கிளைக்குறிப்பாக இத்தனை காலம் இருந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். பிரித்துத் தனித் தலைப்புக் கொடுத்ததும் புதிதாக ஒரு பியர் பிறந்துவிடவில்லை. இருந்த பியரை அதன் அளவுகோலால் அளக்க வழி பிறந்தது, அவ்வளவுதான். வரையறையால் ஆகக்கூடிய பெரிய நன்மை இதுதான்.

ஆனால் புதிய தலைப்பும் ஒரு வேலியாகிவிடக் கூடும். டிராபிகல் ஸ்டவுட்டுக்குக் கையேடு தரும் ஆல்கஹால் வரம்பு 5.5 முதல் 8 சதவீதம். அதன் முன்மாதிரிகளில் ஒன்றாக அதே கையேடு இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. லயன் ஸ்டவுட்டின் லேபிளில் 8.8 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. எண்ணைச் சட்டமாகப் படிக்கும் நடுவரிடம் முன்மாதிரியே வரம்பு மீறியதாகிவிடும். இவை வழிகாட்டல்களே தவிர, அளவு மாறாமல் பொருந்த வேண்டிய விவரக்குறிப்புகள் அல்ல என்று கையேடு தன் முன்னுரையிலேயே சொல்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டி நேராக அட்டவணைக்குப் போகிற பழக்கம் நடுவர்களிடமும் இருக்கிறது, காய்ச்சுபவர்களிடமும் இருக்கிறது. வரம்பு இப்படி நெகிழ்ந்தால் ஆளுக்கொரு தீர்ப்பு வராதா என்று மறுப்பவர்களுக்கு விடை போட்டி முறையிலேயே உண்டு. ஒரு பியரைக் குறைந்தது இருவர் சுவைக்கிறார்கள், தனித்தனியே எழுதுகிறார்கள், மதிப்பெண் வெகுவாக விலகினால் பேசி நெருக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பேச்சு எண்களைப் பற்றியதாக இல்லாமல் வறுவல் கருகலாகிவிட்டதா, இனிப்புக்கு ஈடாகக் கசப்பு நிற்கிறதா என்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும். போர்ட்டர் என்று வந்த பியரில் வறுவல் ஓங்கியிருந்தால் மதிப்பெண்ணை வெட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. இதையே அமெரிக்கன் ஸ்டவுட்டாக அனுப்பிப் பாருங்கள் என்று தாளில் எழுத வேண்டும். காய்ச்சியவர் அடுத்த போட்டிக்கு அதே பியரைத் தலைப்பு மட்டும் மாற்றி அனுப்பிக்கொள்வார்.