பனிச்சரிவு

பனி பெய்தறியாத நாட்டினராகிய நமக்கு மலைமேற் படிந்த வெண்பனி ஒரே பஞ்சுப் பொதியாகத் தோன்றும். உண்மையில் அஃது ஏடுகள் அடுக்கிய சுவடியை ஒத்தது. ஒவ்வொரு பொழிவும் ஓர் ஏடு.

நிலத்தையடுத்த பனியிலும் மேற்பரப்பு மிகக் குளிர்ந்திருக்கும்போது நீராவி மேனோக்கிச் செல்கிறது. அதனால் இடையிலுள்ள பனி, சீனி போன்று ஒன்றோடொன்று ஒட்டாத பளிங்குகளாக மாறுகிறது. காற்று வாரிக் கொணரும் புதுப்பனி அதன்மேற் பலகைபோல் இறுகுகிறது. பனிச்சறுக்குவோன் ஒருவனின் பாரமே போதும். நலிந்த ஏடு நொறுங்கப் பலகை பிளந்து சரிகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. மாண்டோரிற் பெரும்பாலாரைப் புதைத்த சரிவு, அவராலோ அவர்தம் தோழராலோ கிளப்பப்பட்டதே.

காலடியில் ‘வும்’ என்னும் ஒலி எழுதல், பனியில் வெடிப்பு ஓடுதல், அண்மையிற் சரிந்த தடம் தென்படுதல் ஆகிய மூன்றும் திரும்புக என்னும் எச்சரிக்கைகள். புதையுண்டவரை முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுள் மீட்டாற் பெரும்பாலும் பிழைப்பர். பிந்தினால் மூச்சடைத்து இறப்பர். ஆதலாற் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றையும் ஒவ்வொருவரும் தாங்கிச் செல்லல் வேண்டும்.

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் இதனை ஆராயும் நிலையம் ஒன்றுண்டு. மாரிகாலத்தில் நாடோறும் அது வெளியிடும் அறிக்கை ஆபத்தை ஐந்து படிகளாக வகுக்கிறது. உயிரிழப்பு மிகுவது ஐந்தாம் படியிலன்று, மூன்றாம் படியிலேயே. ஐந்தாம் படி அரிதே வருவது; வந்தாலும் அஞ்சியோர் வீட்டிலிருப்பர். மூன்றைக் கேட்டோர் நடுத்தரமென எண்ணி மலையேறுவர். அவ்வெண்ணமே அவர்களுக்குக் கூற்றாகிறது.